வாசல் வரை கொண்டுபோனவர்

இந்தியக் கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்வி: கோளாறு பயிற்சியாளரிடமா, ஆட்டக்காரர்களிடமா? கேள்வி பழசு. பதில் மட்டும் கிடைத்தபாடில்லை. பதில் தெரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச்சை அனுப்பினோம். அடுத்து மனோலோ மார்க்கேஸ் வந்தார்; ஓர் ஆண்டில் போனார். 2025 ஆகஸ்ட்டில் காலித் ஜமீல் வந்தார். அந்த அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தோம். மூன்று பேரில் யார் மேல் பழி போடுவது? மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குள் டாக்டரை மாற்றுகிற வீட்டில், நோய் என்னவென்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் போவது அமெரிக்காவுக்கு, அங்கே ஆடப்படும் வேறொரு கால்பந்துக்கு. ஒரே பயிற்சியாளர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓர் அணியில் நீடிப்பதும், ஆண்டுக்காண்டு நாக் அவுட் சுற்றில் தோற்பதும், அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவதும் அங்கே சகஜம். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சூப்பர் பௌல் எனப்படும் அதன் இறுதி ஆட்டத்தைப் பார்க்கும் சிறுபான்மை இந்தியர்களில் நானும் ஒருவன். ஆட்டத்தின் நுணுக்கத்தைவிட இந்த வழக்குதான் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பந்து நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியின் மூளை க்வார்ட்டர்பேக் என்பவர். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும். தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள். பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாங்கிக் குவிக்க முடியாது. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது ஓர் அணிக்குச் சுமார் 28 கோடி டாலர். கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கே முதல் உரிமை. பலவீனமானவரைத் தூக்கிவிடவும் பலசாலியை இழுத்துப் பிடிக்கவும் செய்த ஏற்பாடு இது. இதற்கு நடுவே ஆண்டுதோறும் மேல்வரிசையில் இருப்பதே பெரிய காரியம்.

அந்தக் காரியத்தைச் செய்துகாட்டியவர் ஆண்டி ரீட். 1999-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 14 பருவங்கள் இருந்தார். அதில் ஒன்பது முறை அணி நாக் அவுட் சுற்றுக்குப் போனது. ஐந்து முறை அரை இறுதி. 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்து மூன்று பருவங்களில் அரை இறுதியில் தோல்வி. அதில் இரண்டு சொந்த மைதானத்தில். நான்காவது முறை வென்று, 2005 பிப்ரவரியில் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 24-21 என்று தோற்றார்கள். 2008 பருவத்தில் மீண்டும் அரை இறுதி, மீண்டும் தோல்வி. கோப்பை வரவே இல்லை.

வழக்கைப் பயிற்சியாளருக்கு எதிராக நடத்துபவர்கள் முதலில் காட்டும் சாட்சி அந்த 2005 இறுதி ஆட்டம். ஆறு நிமிடம்கூட மீதமில்லை. பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கும் அணி எப்படி ஆட வேண்டும்? பதறிக்கொண்டு ஆட வேண்டும். ஈகிள்ஸ் நிதானமாக ஆடியது. ஆட்டத்துக்கு ஆட்டம் கூடி நின்று பேசி, கிட்டத்தட்ட நான்கு நிமிடத்தைச் செலவழித்து ஒரு டச்டவுன் எடுத்தது. அதற்குப் பிறகு நேரம் போதவில்லை. கடிகாரத்தைக் கையாளத் தெரியாதவர் என்ற பெயர் ரீட் மேல் ஒட்டிக்கொண்டது.

எதிர்த்தரப்பு வாதத்திலும் சத்து உண்டு. க்வார்ட்டர்பேக் டானவன் மெக்நாப் திறமைசாலி. ஆனால் அவர் எறிகிற பந்தைப் பிடிக்கப் பல ஆண்டுகள் முதல் தரமான ஆள் இல்லை. 2004-ல் டெரல் ஓவன்ஸ் வந்தார். அந்தப் பருவத்திலேயே அணி இறுதிக்குப் போனது. கால் எலும்பு முறிந்து முழுதும் குணமாகாத நிலையில் இறுதி ஆட்டத்தில் இறங்கிய ஓவன்ஸ் ஒன்பது பந்துகள் பிடித்தார். மெக்நாப் மூன்று பந்துகளை எதிரணியின் கையில் எறிந்தார். அதைப் பயிற்சியாளரா எறிந்தார்?

இங்கே ஒரு சிக்கல். 2001 முதல் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் ரீடிடமே இருந்தது. பந்து பிடிக்க ஆளில்லை என்றால் ஆளைக் கொண்டுவராதவர் யார்? அவரேதான். சமையல்காரரா சாமானா என்று வாதாடுகிறோம். இந்த வீட்டில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கியதும் சமையல்காரர்தான். ‘ஆட்டக்காரர்கள் சரியில்லை’ என்பது இவர் விஷயத்தில் தப்பிக்கும் வழி ஆகாது.

தீர்ப்புக்கு முன் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். இந்த லீகில் நாக் அவுட் என்றால் ஒரே ஓர் ஆட்டம். பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் போல ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. ஓர் அணி நல்ல அணி. எந்த எதிரியோடு ஆடினாலும் பத்துக்கு ஆறு முறை வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று கோப்பை எடுக்க அதற்குள்ள வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.216. அதாவது ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். இப்படி ஒன்பது ஆண்டுகள் முயன்றும் ஒரு முறைகூட வெல்லாமல் போக நூற்றுக்குப் பதினொரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. எந்தத் தவறும் செய்யாத நல்ல அணிக்கும் அந்தக் கதி நேரலாம். அடிக்கடி நேராது, ஆனால் 32 அணிகள் பல பத்தாண்டுகள் ஆடும் லீகில் யாராவது ஒருவருக்கு நேர்ந்தே தீரும்.

2011-ல் ஈகிள்ஸ் 8-8. 2012-ல் 4 வெற்றி, 12 தோல்வி. அந்த ஆண்டின் கடைசி நாளன்று ரீட் நீக்கப்பட்டார். சில நாட்களில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. 2012-ல் இரண்டே ஆட்டம் வென்று 14 ஆட்டம் தோற்ற அணி அது. திறமையான ஆட்டக்காரர்கள் சிலர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். ரீட் வந்தார், க்வார்ட்டர்பேக்காக அலெக்ஸ் ஸ்மித் வந்தார். 2013-ல் 11 வெற்றி, 5 தோல்வி. ஒரு பயிற்சியாளரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு வருடத்தைத்தான்.

ஆனால் நாக் அவுட் சுற்றில் பழைய கதை. 2014 ஜனவரியில் இண்டியானாபொலிஸுக்கு எதிராக 38-10 என்று முன்னிலையில் இருந்து, 45-44 என்று தோற்றார்கள். 2016 ஜனவரியில் பேட்ரியட்ஸோடு ஆடும்போது 14 புள்ளி பின்தங்கிய நிலையில், ஒரு டச்டவுனுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 2005-ன் மறுபதிப்பு. ஊர் வேறு, ஆட்டக்காரர்கள் வேறு, பதினொரு வருடம் ஓடிவிட்டது. கடிகாரம் மட்டும் அதே மாதிரி. இதற்கு ஆட்டக்காரர்கள் மேல் பழி போட முடியாது. ஆள் மாறியும் தவறு மாறவில்லை என்றால் அது மேலே இருப்பவரின் தவறு.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கிடம் 18-16 என்று தோல்வி. எதிரணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. ஆறு முறை பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தே 18 புள்ளி சேர்த்துவிட்டது. அதுவரை ரீடின் மொத்த நாக் அவுட் கணக்கு 11 வெற்றி, 12 தோல்வி. சாதாரணமாக இந்த இடத்தில்தான் பயிற்சியாளரை அனுப்புவார்கள். கான்சஸ் சிட்டிக்காரர்கள் அனுப்பவில்லை. யாரை நீக்கலாம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது இல்லை என்று பார்த்தார்கள்.

அங்கே ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஜான் டோர்ஸி என்ற தனி மேலாளர் இருந்தார். கடைக்குப் போகும் வேலை ரீடின் தலையில் இல்லை. அலெக்ஸ் ஸ்மித் நல்லவர், தவறு செய்யாதவர், 2016-ல் 12 வெற்றி பெற்ற அணியின் க்வார்ட்டர்பேக். இருந்தும் 2017 ஏப்ரலில், தேர்வு வரிசையில் 27-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்கு விலை கொடுத்து ஏறி, பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள். அந்தப் பருவம் முழுதும் பெரும்பாலும் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். 2018 ஜனவரியில் டென்னஸியிடம் 21-3 முன்னிலையைத் தொலைத்து 22-21 என்று தோற்றபோதும் அசையவில்லை. ஸ்மித்தை வேறு அணிக்கு விட்டுவிட்டு மஹோம்ஸை இறக்கினார்கள்.

பிறகு நடந்தது சரித்திரம். 2020, 2023, 2024 பிப்ரவரிகளில் மூன்று கோப்பைகள். 2021, 2025 பிப்ரவரிகளில் இறுதி வரை வந்து தோல்வி. மஹோம்ஸுக்கு முன் ரீடின் நாக் அவுட் கணக்கு 11 வெற்றி, 13 தோல்வி. மஹோம்ஸ் பொறுப்பேற்ற 2018 முதல் 2024 பருவம் வரை 17 வெற்றி, 4 தோல்வி. பயிற்சியாளர் அதே ஆள்தான். அறுபது வயதில் திடீரென்று புத்திசாலி ஆகிவிட்டாரா?

2022 ஜனவரியில் பஃபலோவுக்கு எதிராக ஆட்டம் முடிய 13 விநாடி; மூன்று புள்ளி பின்னால். கடிகாரத்தோடு பிணங்கியவர் என்று பெயரெடுத்த ரீடின் அணி, அந்த 13 விநாடிக்குள் இரண்டே எறிதலில் 44 கெஜம் நகர்ந்து, உதைத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது. ரீடின் கடிகாரம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்த வாரமே சின்சினாட்டிக்கு எதிராக, முதல் பாதி முடிய ஒன்பது விநாடி இருக்கும்போது, எளிதான மூன்று புள்ளியை விட்டுவிட்டு ஏழுக்கு ஆசைப்பட்டு, நேரம் முடிந்து வெறும் கையோடு திரும்பினார்கள். ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் மூன்று புள்ளியில் தோற்றார்கள். அந்தப் பலவீனம் போகவில்லை. அதை மறைக்கக்கூடிய ஆட்டக்காரர் ஒருவர் கிடைத்திருந்தார், அவ்வளவுதான். மறைக்க முடியாத நாளும் வந்ததுண்டு. 2021 இறுதியில் மஹோம்ஸைக் காக்க வேண்டிய இரண்டு ஓரக் காவலர்களும் காயத்தால் வெளியே இருக்க, 31-9 என்று அணி நொறுங்கியது.

ஃபிலடெல்ஃபியாவுக்கு என்ன ஆயிற்று? 2018 பிப்ரவரியில் தன் முதல் சூப்பர் பௌலை வென்றது. பயிற்சியாளர் டக் பீடர்சன், ரீடிடம் ஆடியவர், அவரிடமே உதவியாளராக இருந்தவர். இறுதியில் கலக்கிய மாற்று க்வார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், கடைசி நிமிடங்களில் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்ட பிராண்டன் கிரஹாம், நடுவே நின்ற ஜேசன் கெல்ஸி - மூவரையும் கல்லூரியிலிருந்து ஈகிள்ஸுக்குத் தேர்ந்தெடுத்தது ரீடின் காலத்தில். அவர் நட்ட மரத்தில் அவர் போன பிறகு காய்த்தது. பிரிந்ததில் இரு தரப்பும் பிழைத்தன. நீண்ட காலம் ஓரிடத்தில் இருப்பவரின் குரல் ஒரு கட்டத்தில் பழகிப்போகிறது என்பதும் உண்மைதான்.

ஒரே ஆளை வைத்து விதி சொல்லக் கூடாது என்பீர்கள். சரி. மார்ட்டி ஷாட்டன்ஹைமர் நான்கு அணிகளில் 21 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார். லீக் ஆட்டங்களில் 200 வெற்றி. நாக் அவுட்டில் 5 வெற்றி, 13 தோல்வி. சூப்பர் பௌல் பக்கம் போனதே இல்லை. நான்கு ஊரிலும் ஒரே முடிவு என்றால் பொதுவான அம்சம் அவர்தானே என்பது எளிய வாதம். ஆட்டங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். 1988 ஜனவரியில் கோட்டுக்குச் சில கெஜம் முன்னால் கையிலிருந்த பந்தை விட்டவர் ஓர் ஆட்டக்காரர். 1996 ஜனவரியில் உதைப்பவர் மூன்று முறை குறி தவறினார். மூன்று புள்ளியில் தோல்வி. 2007 ஜனவரியில் சான் டியேகோ வீரர் ஒருவர் பிரேடியின் பந்தைப் பிடித்தும், ஓடும் ஆசையில் அதைத் தவறவிட்டார். அதே மூன்று புள்ளி. 14 வெற்றி, 2 தோல்வி பெற்ற அந்தப் பருவத்துக்குப் பரிசாக, மேலாளருடனான பூசலும் சேர்ந்துகொள்ள, ஷாட்டன்ஹைமர் நீக்கப்பட்டார். சார்ஜர்ஸ் அடுத்த பருவத்தில் அரை இறுதி வரை போனது. அதன் பிறகு சூப்பர் பௌலை எட்டவில்லை.

மாற்றியதால் பலன் கிடைத்த கதையும் உண்டு. அதை மறைத்தால் நியாயமில்லை. டாம்பா பே அணியை மேலே கொண்டுவந்த டோனி டஞ்ஜி, நாக் அவுட்டில் தோற்றுக்கொண்டே இருந்ததால் 2002 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஓக்லாந்துக்கு முதல் சுற்று, இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளில் இரண்டிரண்டையும் 80 லட்சம் டாலரையும் கொடுத்து ஜான் க்ரூடனைக் கொண்டுவந்தார்கள். டஞ்ஜி கட்டிய அதே தற்காப்பை வைத்து, தாக்குதலைச் செப்பனிட்டு, க்ரூடன் அடுத்த ஆண்டே கோப்பையை வென்றார். வழியில் அரை இறுதியில் அவர் வீழ்த்தியது ரீடின் ஃபிலடெல்ஃபியாவை. ஆக, பயிற்சியாளர்தான் காரணமா? கொஞ்சம் பொறுங்கள். டஞ்ஜி இண்டியானாபொலிஸுக்குப் போய், பேட்டன் மானிங்கை வைத்து 2007 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார். க்ரூடன் அதன் பிறகு டாம்பாவில் ஒரு நாக் அவுட் ஆட்டம்கூட வெல்லாமல் 2009-ல் வெளியேறினார்.

சின்சினாட்டியில் மார்வின் லூயிஸ் 16 பருவங்கள். ஏழு நாக் அவுட் ஆட்டம், ஏழும் தோல்வி. 2016 ஜனவரியில் பிட்ஸ்பர்குக்கு எதிராக வெற்றி கையில் இருந்தபோது, முதலில் பந்தைத் தவறவிட்டு, பிறகு அவருடைய ஆட்டக்காரர்கள் இருவர் கோபத்தில் அபராதம் வாங்கி, ஆட்டத்தைத் தாரை வார்த்தார்கள். கட்டுப்பாடின்மைக்கு லூயிஸ் பதில் சொல்லத்தான் வேண்டும். அவருக்குப் பின் வந்த சாக் டெய்லரின் முதல் பருவம் 2 வெற்றி, 14 தோல்வி. கடைசியில் நின்றதால் முதல் தேர்வு உரிமை கிடைத்து, ஜோ பரோ என்ற க்வார்ட்டர்பேக் வந்தார். இரண்டே ஆண்டில் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. பயிற்சியாளர் மாறியதன் பலனா, தோல்வி தந்த பரிசா?

இத்தனை சாட்சிகளையும் கேட்ட பிறகு என் தீர்ப்பு இது. வாசல் வரை கொண்டுபோவது பயிற்சியாளரின் வேலை. அதை ஆண்டுதோறும் செய்பவரிடம் குறை காண்பது கடினம். அவரைத் துரத்திவிட்டால் பெரும்பாலும் வாசலே காணாமல் போகிறது. உள்ளே நுழைவது ஓரிரு ஆட்டக்காரர்களின் தரத்தையும் அன்றைய அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. ஆனால் நீண்ட காலம் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆள் மாறியும் மாறாத தவறு எது? என்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு அதைத் தேட என்ன செய்தாய்? இரண்டுக்கும் பதில் இல்லாதவர் போகலாம். ஒரு தோல்விக்காக யாரும் போகக் கூடாது.

நம் ஊரில் தேர்வு முடிவு மோசமானால் தலைமை ஆசிரியரை மாற்றுகிறோம். வசூல் குறைந்தால் கிளை மேலாளரை மாற்றுகிறோம். மாற்றுவது சுலபம், மறுநாள் பேப்பரில் வரும், ஏதோ நடந்துவிட்டது போலத் தோன்றும். குறையைக் கண்டுபிடிக்க நாளாகும், அது பேப்பரில் வராது. இந்தியக் கால்பந்திலும் குறை ஒளிந்துகொண்டிருக்கவில்லை. 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், 40 வயதில், கோல் போட ஆளில்லாமல் திரும்ப அழைத்தோம். வந்த ஆட்டத்திலேயே அவர் கோல் போட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைவிடத் தெளிவான நோய்க்குறிப்பு வேறு வேண்டுமா? அடுத்த சேத்ரி இன்று பன்னிரண்டு வயதில் ஏதோ ஒரு மைதானத்தில் இருக்க வேண்டும். அவன் அங்கே இருக்கிறானா, அவனுக்கு வாரம் ஓர் ஆட்டமாவது கிடைக்கிறதா என்று பார்ப்பது எந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் யாரும் தோல்விக்கு மறுநாள் நீக்கப்படுவதில்லை.